லோடு எங்கிருந்து எங்கே

செவ்வாய் இரவு, 2004

இதை யார் எடுத்தாலும் படிக்காமல் மூடிவிடுங்கள். என் அக்கா மதியிடம் மட்டும் காட்டாதீர்கள்.

அக்கா கல்லூரியிலிருந்து கொண்டுவந்த கிராஃப் கால்குலேட்டரில், அவளுக்குத் தெரியாமல் அசெம்பிளி என்ற கணினி மொழியில் ஒரு புரோகிராம் எழுதிப் பார்த்தேன். ‘எல்.டி.’ என்றால் லோடு என்று அவள் நோட்டில் இருந்தது. அப்பாவின் பட்டாசு லாரிச் சீட்டில் ஏற்றும் ஊர் முதலில், இறக்கும் ஊர் பிறகு வரும். அப்படியே எழுதினேன். பிறகு நோட்டைப் புரட்டினால், இதில் இறக்கும் இடம்தான் முதலில் வரவேண்டுமாம். திரை அசையாமல் நின்றது. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். அதில் அவள் ஒரு மாதமாகச் செய்து வைத்திருந்த புராஜெக்ட் அழிந்துவிட்டது.

“நாந்தேன் எதையோ அமுக்கித் தொலச்சிருக்கேன். நாளைக்கு சார்ட்ட என்னத்தடி காட்டுவேன்?” என்று அழுதாள்.

“அழாதக்கா” என்று சொல்லிவிட்டு, இந்த டைரியோடு அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

இப்போதே போய்ச் சொல்லிவிட்டால்

கதவு தட்டுகிறது. “ஏட்டி, தூங்கிட்டியா?” அக்காதான்