மூன்று சிவப்பு மீன்களும் என் தொப்பையும்

நாள் 41, 07:10
இதைக் கண்டெடுப்பவருக்கு ஒரு வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று பூமிக்குப் போன மீன் படத்தில் மீனைவிடத் தெளிவாக விழுந்திருப்பது என் தொப்பை. கிழிந்த பனியனோடு. தொட்டிக் கண்ணாடி காட்டிக்கொடுத்துவிட்டது.

நான் நாகலிங்கம், வயது ஐம்பத்திரண்டு. நிலவின் தென்துருவக் குடிலில் தனியாள். காற்று அளவி பழுது. மாற்று வரும்வரை மீன்தொட்டிதான் அளவி. நான் சுவாசிக்கும் காற்றுதான் தொட்டியிலும் குமிழியிடுகிறது. காற்று கெட்டால் மூன்று சிவப்பு மீன்களும் வெளிறும். தினம் ஒரு படம் அனுப்பினால் பூமியில் கணினி நிறத்தை அளந்து சொல்லும். பூமி அடிவானத்துக்கு மேலே இருக்கிற இரண்டு வாரம்தான் தொடர்பு; அடுத்த இரண்டு வாரம் ஊமை.

பெருமைக்கு ஒரு பிரதியை மனைவி வீட்டார் குழுவிலும் போட்டுவைத்தேன். மச்சினன் இசக்கிராஜ் பதில்:
"அத்தான், மீனு அழகா இருக்கு. பின்னால பூசணிக்கா எதுக்கு வச்சிருக்கீய?"
குழுவே சிரித்தது. முதல் சிரிப்பு என் மனைவியுடையது.

நாள் 43, 08:00
இசக்கிராஜ் பாடம் எடுக்கிறான். பாளையங்கோட்டையில் அவன் வீட்டு ஹாலில் ஒரு தொட்டி உண்டு. அவன் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணை விட்டுவிட்டுத் தொட்டியைப் பார்த்தார்களாம். அவனே சொன்னது.
"ஃபிளாஷ் போடாதீய. லென்ஸ கண்ணாடியோட ஒட்ட வச்சு நேராப் பிடிங்க. ரூம் லைட்ட பூரா அணைச்சிட்டு தொட்டி லைட்ட மட்டும் போடுங்க. கருப்புச் சட்டை மாட்டுங்க அத்தான், பூசணிக்கா மறைஞ்சிரும்."
கருப்புச் சட்டை மாட்டினேன். எதிர்ச்சுவரில் இருக்கும் பாசிக் குழாய்களின் விளக்கையும் அணைத்தேன்; கண்ணாடியில் பச்சையாக அடித்தது அதுதான். குடிலுக்கு ஆக்சிஜன் தருவதும் அந்தப் பாசிதான். அரைமணி நேரம்தானே.

நாள் 48, 19:20
அரைமணி நேரம் நாள் முழுக்க ஆகிவிட்டது. மீன் எப்போது போஸ் கொடுக்கும் என்று யார் கண்டது? படம் கத்தி மாதிரி கூர்மை. சிவப்புதான் சற்றுச் சோகை. படத்துக்குச் சிவப்பைக் கொஞ்சம் ஏற்றினேன்.
பூமியிலிருந்து டாக்டர் அமலோற்பவம்: "நிறம் அருமை சார். காத்து நல்லாருக்கு."
குழுவில் மனைவி ஓர் இதயம் போட்டாள். கல்யாணமான புதிதில்கூட இப்படி ஒன்று கிடைத்ததில்லை. கண் கலங்கிவிட்டது. மறுநாளுக்கு இன்னும் கொஞ்சம் சிவப்பு என்று அப்போதே முடிவு செய்தேன்.

நாள் 52, 14:00
தலைவலி. மீன்கள் மூன்றும் நீர்மட்டத்திலேயே வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன. பசி என்று தீனி போட்டேன், தொடவில்லை. கோணம் நன்றாக இருந்தது. எடுத்துக் குழுவில் போட்டேன்.
"போட்டோ சூப்பர் அத்தான். ஆனா மீனுக்கு மூச்சு முட்டுது. மொதல்ல காத்தப் பாருங்க."
பாசிக் குழாய் விளக்கைப் போட்டேன். பச்சையைக் காணோம். ஆறிப்போன புளிக்கரைசல்.

நாள் 52, 15:30
காற்று கெட்டுவிட்டது என்று அமலோற்பவத்திடம் சொன்னேன்.
"சார், போன மாசம் கேஸ் லீக்குன்னு சொல்லி எங்கள ஓட விட்டு சிரிச்சீங்க. நேத்து வரைக்கும் மீன் செக்கச்செவேல்னு இருந்துச்சே?"
"கேமராக் கோளாறு," என்றேன். வேறென்ன சொல்ல? இருக்கிற கிண்டல் போதாதா?
"மீட்பு ஓடம் இன்னைக்கே கெளம்பணுமா, அடுத்த வாரம் போதுமான்னு கம்ப்யூட்டர் படத்தப் பாத்துதான் சொல்லும். எதையும் தொடாம அப்படியே ஒண்ணு அனுப்புங்க சார்."
ஓடம் வந்துசேர மூன்று நாள். என் கையிருப்பு சிலிண்டரும் மூன்று நாளுக்கே. மாலையில் பூமி இறங்கிவிடும்.

நாள் 52, 17:05
எடுத்தேன். எல்லா விளக்கும் எரிகிறது, பிரதிபலிப்பு விழட்டும், இது உண்மைப் படம். மீன்கள் அரிசி கழுவின தண்ணீர் நிறம். மேலே நான். தொப்பை. உதடு நாவற்பழம் தின்ற மாதிரி. நிலவில் ஏது நாவற்பழம். சிரிப்பு வருகிறது, ஏனென்று தெரியவில்லை.
பனியன் கிழிசலைக்கூட மறைக்கவில்லை. கூசுகிறது. இருந்தாலும் அனுப்பிவிட்டேன்.

நாள் 52, 17:40
"படம் வந்துது சார். பயப்படாதீங்க, அடுத்த வாரம் போதும்னு சொல்லுது. மீனும் சிவப்பு, நீங்களும் சிவப்பு. ரெண்டு வாரம் கழிச்சுப் பேச..."
பூமி இறங்கிவிட்டது.

நாள் 52
ஒரு சின்ன விஷயம் எழுத விட்டுப்போயிற்று. குழுவுக்கும் போகிற படம், அவள் பார்ப்பாள் என்று உதட்டுக்காக மட்டும் கொஞ்சம் சிவப்பு ஏற்றினேன். உதட்டுக்கு மட்டும் ஏற்றுவது எப்படியென்று இசக்கிராஜ் இன்னும் சொல்லித்தரவில்லை.