வாய்க்கால் தண்ணீரில் வந்தது

ஆத்தூர்,
28.11.1975

அன்புள்ள சண்முகத்தாய் அக்காவுக்கு, அம்மா சொல்லச் சொல்லத் தங்கை பேச்சித்தாய் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம், பம்பாயில் நீயும் அத்தானும் பிள்ளையும் சுகமாயிருக்க அம்மா தினமும் வேண்டுகிறாள். பிள்ளை பிறந்ததைக்கூட ஏரல் சந்தையில் அத்தானின் சித்தப்பா சொல்லித்தான் அறிந்தோம், விலாசமும் அவர் தந்ததுதான். இரண்டு வருடமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உன் கோபம் நியாயம்தான் என்று அம்மாவே சொல்கிறாள்.

நம் வெற்றிலைக் கொடிக்கால் மறுபடியும் போய்விட்டது அக்கா. புதிதாக வைத்த கொடியெல்லாம் ஐப்பசி மழையில் அடித்தண்டு கறுத்து அழுகி ஒரே வாரத்தில் வாடிவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் முதல் தடவை கருகியபோது, நீ வீட்டுக்குத் தூரமான நாளில் ஆட்டை விரட்ட உள்ளே ஓடினாய் என்று, "நீ கால் வச்சதுலதாம்ளா எல்லாம் கருகிப்போச்சு" என்று அப்பா ஊரார் முன்னால் சொன்னாரே. இந்தத் தடவை அம்மா, "இப்ப எவ கால் வச்சாளாம்?" என்று கேட்டாள்.

நான் கறுத்த தண்டு ஒன்றைப் பவுடர் டப்பாவில் போட்டுத் தூத்துக்குடிக்கு எடுத்துப்போய், எங்கள் பள்ளிக்கூட லேபில் தண்ணீரில் ஊறவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். எலுமிச்சம்பழ வடிவில் சின்னச் சின்னப் பைகள், ஒன்று வாய் திறந்து அதிலிருந்து வித்துகள் வெளியே வந்து நீந்தின. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வால் உண்டென்று புத்தகம் சொல்கிறது, எனக்கு வால் தெரியவில்லை, நீந்துவதுதான் தெரிந்தது. புத்தகத்தில் பூஞ்சாணத்தோடு சேர்த்திருந்தாலும் இது தண்ணீரில் பிழைப்பது. ஈரமண்ணில் கிடந்து, மழைக்கு எழும்பி, ஓடும் தண்ணீரோடு அடுத்த கொடியின் வேரில் போய் ஒட்டிக்கொள்ளும். தீட்டு என்ன என்று அதற்குத் தெரியாது.

இதையெல்லாம் புத்தகத்திலிருந்து அப்பாவுக்குப் படித்துக்காட்டினேன். கேட்டு முடித்து, "அப்ப அன்னைக்கு நான் பாய்ச்சுன தண்ணியா?" என்றார். தீட்டுக் கழிய வாய்க்கால் தலைப்பில் மஞ்சள் கரைத்து ஊற்றி மூன்று நாள் விடாமல் பாய்ச்சினாரே, ஒரு மூலையில் இருந்த நோயை அந்தத் தண்ணீர்தான் கொடிக்கால் முழுக்கக் கொண்டுபோயிருக்கிறது. நான் சொல்லும் முன்பே அவருக்கே விளங்கிவிட்டது. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

உன்னை வரச்சொல்லி எழுது என்றாள் அம்மா. அப்பா தடுத்துவிட்டார். "ஏளா, அப்படி எழுதாத. அவள வான்னு சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? நான் போயி அவ வாசல்ல நிக்கேன்" என்கிறார். திருநெல்வேலியைத் தாண்டி அறியாதவர், பொங்கல் கழிந்து ரயில் ஏறுகிறாராம்.

பிள்ளைக்குத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுக்கச் சொல்கிறாள் அம்மா. நீங்கள் மூவரும் நீண்ட ஆயுசோடு இருக்க அவள் ஆசீர்வாதம். அப்பாவுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது அக்கா. பேசாமல் நின்றால் கதவை மூடிவிடாதே.

இப்படிக்கு,
அம்மா இசக்கியம்மாள் (கைநாட்டு)
எழுதியது: பேச்சித்தாய்