அவள் குரல் மட்டும்

உங்கள் தங்கை சொல்லிக்கொண்டிருப்பதை முதலில் திருத்திவிடுகிறேன். நான் முப்பது வருடம் உங்களிடம் கத்திக்கொண்டே இருந்தேன் என்பது தவறு. கத்தவில்லை. உங்களுக்குக் கேட்கும்படி பேசினேன். இரண்டும் ஒன்றல்ல என்பது இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவரான நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்கள் வருட நினைவுப் பூசை முடிந்த மத்தியானம், கோவளத்திலிருந்து வந்திருந்த லில்லி நம் கூடத்தில் உட்கார்ந்து தெருப் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்க அண்ணன் வாயில்லாப் பூச்சி. அதுவே எங்கிட்ட சொல்லும், வூட்ல அவ கொரல் மட்டுந்தான் கேக்குதுன்னு. அப்டி ஒரு வாழ்க்க." நான் சமையலறையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். என் காது நல்ல காது. எதிர்வீட்டுக்காரி "ஆமாங்கா, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும்" என்று சிரித்ததும் கேட்டது. வெளியே வந்து நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

இதை எழுதும்போது என் கைப்பையிலிருந்து எடுத்த ஒரு ஜோடி ரப்பர் மூடி மேசைமேல் இருக்கிறது. பேனா மூடியைவிடச் சின்னது, நுங்கு போல மெத்தென்று. காதுக்குள் வைத்துப் பாட்டுக் கேட்கிறார்களே, ஒயர் இல்லாத இயர்பட்ஸ், அதன் முனையில் மாட்டுவது. மூன்று அளவில் தருகிறார்கள். இது பெரிய அளவு. உங்கள் காதுக்குச் சரியாக இருந்திருக்கும்.

இயர்பட்ஸ் எனக்காக வாங்கவில்லை, லில்லியின் மகள் ஷீபாவுக்காக வாங்கினேன். அன்று எல்லோரும் சாப்பிட்டு முடித்த பின் அவள்தான் என்னோடு நின்று பாத்திரம் துடைத்தாள். பிறந்த நாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். "ஒயர் இல்லாத இயர்பட்ஸ் அத்த. கம்பெனி பஸ்ல போவ ஒண்ணரை மணி நேரம், வர ஒண்ணரை மணி நேரம். டிரைவரு போடற பாட்டு தாங்கல" என்றாள். மறைமலைநகரில் வேலை கிடைத்திருக்கிறது அவளுக்கு. கார் பாகம் செய்கிற கம்பெனி. எந்தப் பிரிவு என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

செங்கல்பட்டு பெரிய ரோட்டில் இருக்கிற கடைக்கு நானே போனேன். கடைக்காரர் என் தலைமுடியைப் பார்த்துவிட்டு, "காது கேக்கற மிஷின் இங்க இல்லமா, ஆஸ்பத்திரி பக்கம் போங்க" என்றார்.

"எனக்குக் காது நல்லா கேக்குது. நீங்கதான் வாயில பாக்கை வெச்சுக்கிட்டுப் பேசறீங்க."

அவர் உள்ளே போய்த் துப்பிவிட்டு வந்து, மரியாதையாகப் பெட்டிகளை எடுத்து அடுக்கினார். ஒன்றைக் காட்டி, "இது பேஸ் சூப்பரா அடிக்கும்மா. காதே கிழியும்" என்றார்.

"காது கிழியாததா ஒண்ணு காட்டுங்க."

அவருக்கு அது புது விதமான கேள்வி போலிருக்கிறது. நான் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். சத்தம் எதற்குமேல் போகாது என்று கட்டுப்படுத்தி வைக்க முடியுமா? சின்னக் காதில் நிற்குமா? ரோட்டைத் தாண்டும்போது பின்னால் வருகிற லாரி கேட்குமா? பெட்டியில் இருந்த ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. அதையும் சொன்னேன். கடைசியில் அவர் ஒரு வெள்ளை டப்பாவைத் திறந்தார். "இது வெளிய இருக்கற சத்தத்த அமுக்கிடும்மா. பஸ் எரைச்சல் இல்லன்னா பொண்ணு சவுண்டக் கம்மியாத்தான வெக்கும்? லாரி கேக்கணும்னா இப்டி ஒரு தட்டு தட்டணும். போட்டுப் பாருங்க."

போட்டேன். அவர் கைபேசியில் எதையோ தொட்டார்.

மின்விசிறி நின்றதுபோல் இருந்தது. அண்ணாந்து பார்த்தால் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ரோட்டில் பஸ் போனது, சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. பக்கத்துக் கண்ணாடிப் பெட்டி அருகே ஒரு பெண் அவள் கணவனிடம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். புருவம் நெரிந்திருந்தது. விரலை அவன் மூக்குக்கு நேரே ஆட்டினாள். கழுத்து நரம்பு புடைத்தது. பாவம் அந்த ஆள், நாலு பேர் நடுவில் இப்படித் திட்டு வாங்குகிறானே என்று நினைத்துக்கொண்டே காதிலிருந்து எடுத்தேன்.

"அந்தக் கலரு வாணாம்யா. நீலந்தான் உனக்கு எடுப்பா கீது. நான் சொல்றேன்ல, நீலம் எடு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார். முப்பது வருடம் நீங்கள் பார்த்தது இந்த முகத்தைத்தானா? தெருவுக்குச் சத்தம் போய்ச் சேர்ந்தது. உங்களுக்கு முகம் தெரிந்தது. நான் சொன்ன சொல் யாரிடம் போய்ச் சேர்ந்தது?

உங்களுக்கு முதலில் கேட்காமல் போனது குக்கர் விசில். நினைவிருக்கிறதா? அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே "விசில் வந்துச்சா?" என்று கேட்டீர்கள். அது ஆறாவது விசில். இரும்புத் தகட்டை அடித்து வளைக்கிற பிரஸ் ஷாப்பில் பத்து வருடம் ஆகியிருந்தது உங்களுக்கு. டாக்டரிடம் போகலாம் என்றேன். "பாத்தா எழுதுவாரு. எழுதினா கம்பெனிக்குப் போவும். காது போச்சுன்னு தெரிஞ்சா மொதல்ல ஸ்டோருக்கு மாத்துவான், அப்பால வூட்டுக்கு அனுப்பிடுவான். யார்கிட்டயும் சொல்லாத. எந்தங்கச்சிகிட்ட கூட" என்றீர்கள். சொல்ல மாட்டேன் என்றேன். நமக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் மூன்றாவது ஆள் இல்லாததால் மறைப்பது எளிதாக இருந்தது.

கம்பெனியில் வருடத்துக்கொரு முறை காதில் கருவி மாட்டிச் சோதிப்பார்கள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். அதில் எப்படித் தேறினீர்கள் என்று ஒரு நாள் சிரித்துச் சிரித்துச் சொன்னீர்கள். "டெஸ்ட் எடுக்கறவரு பட்டன அமுக்கறப்போ புருவத்தத் தூக்குவாரு. நான் வெரலத் தூக்குவேன்." அப்படியே பணி ஓய்வு வரை தூக்கினீர்கள். அதற்குப் பிறகாவது காதுக்கு ஒரு மிஷின் வாங்கலாம் என்றேன். "இனிமே எதுக்கு, பழகிப்போச்சு" என்றீர்கள். உங்களுக்குப் பழகிவிட்டது. தெருவில் எனக்குப் பெயரும் நிலைத்துவிட்டது. கான்வென்ட்டில் படித்த பெண், புருஷனிடம் வாய் ஓயாதவள். ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் நீங்கள் பிறர் சிரிக்கும்போது சிரித்து நல்ல மனிதர் ஆனீர்கள். நான் உங்கள் பக்கத்தில் உரக்கப் பேசிப் பொல்லாதவள் ஆனேன். அதற்கு நான் வருந்தவில்லை. இதையும் திருத்தி எழுதிவிட வேண்டும்: கொஞ்சம் வருந்தினேன்.

சமையலறைக் கதவில் ஒரு நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டேனே, கத்துவதைக் குறைக்கலாம் என்றுதான். நான் கேள்வி எழுதுவேன், நீங்கள் பதில் எழுத வேண்டும். முதல் வாரம் நீங்கள் நீளமாகவே எழுதினீர்கள். "மறுந்து சாப்டேன். உன் கொழம்பு நல்லா இருந்திச்சி." டியூஷன் பிள்ளைகளின் நோட்டைத் திருத்துகிற சிவப்புப் பேனா என் கையில் இருந்தது. "மறுந்து" என்பதில் வல்லின றவைச் சுழித்து இடையின ரவை எழுதினேன். குழம்பையும் திருத்தினேன். "இன்னா டீச்சர், பரிச்சையா?" என்றீர்கள். அடுத்த வாரத்திலிருந்து எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்தான். "சரி." அதில் பிழை வர வழியில்லை. குழம்பு நன்றாக இருந்தது என்று எழுதியிருந்தீர்கள் என்பதே எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

நான் சொன்னதில் ஒன்று மட்டும் உங்களுக்கு நன்றாகக் கேட்டது. கல்யாணமான மூன்றாம் வருடம், கூரை ஒழுகிய ஐப்பசி. பாத்திரங்களை வரிசையாகத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னேன். "நான் படிச்ச படிப்புக்கு இந்த வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவளே இல்ல." மெதுவாகத்தான் சொன்னேன். அப்போது உங்கள் காது நன்றாக இருந்தது. நீங்கள் ஏணியை எடுத்துக்கொண்டு மழையில் மேலே ஏறினீர்கள்.

அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள எனக்கு எத்தனை வருடம் ஆயிற்று என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு ஒரு சனிக்கிழமை, மாமல்லபுரத்தில், கடற்கரைக் கோயிலைத் தாண்டி மீன் படகுகள் நிற்கிற மணலில் உட்கார்ந்திருந்தோம். சங்கு மாலை விற்கிற பெண்கள் இருந்தார்கள், வெளியூர்க்காரர்கள் இருந்தார்கள். அங்கே நான் குரலை உயர்த்த முடியாது. உங்கள் முகத்தைப் பார்க்கவும் கூச்சமாக இருந்தது. கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "இன்னொரு தடவை எல்லாம் முதல்ல இருந்து வந்தாலும் நான் உங்க வீட்டுக்குத்தான் வருவேன்." அலை அடித்தது. நீங்களும் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தீர்கள். "சரி. போலாமா? பஸ்ஸு போயிடும்."

மாத்திரையை மூன்று முறை கத்திச் சொன்னவள், தண்ணீர் மோட்டாரை நான்கு முறை கத்திச் சொன்னவள், இதை இரண்டாம் முறை சொல்லவில்லை. இதைக் கத்திச் சொல்ல முடியாது. தெருவுக்குக் கேட்டுவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை டப்பாவை எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் போய், பஸ் மாறிக் கோவளம் போனேன். ஷீபாவின் காதில் பெரிய மூடி நிற்கவில்லை, சின்னதுதான் பொருந்தியது. வேண்டாததை என் கையில் கொடுத்தாள். "செம்மயா கீது அத்த" என்று தலையை ஆட்டிப் பார்த்தாள். எந்தப் பிரிவில் வேலை என்று அப்போதுதான் கேட்டேன்.

"பிரஸ் லைன்ல போட்ருக்காங்க."

"காதுல அடைச்சுக்க ஏதாவது குடுக்கலையா?"

"இயர் பிளக்கு குடுத்தாங்க. பாக்கெட்லதான் கீது. மாட்டினா தல வலிக்குது அத்த. ஒரு மாசத்துல சத்தம் பழகிடும்னு சொன்னாங்க."

உங்களுக்குக் கொடுத்த வாக்கை அங்கேதான் மீறினேன். மன்னிப்புக் கேட்கவில்லை, தகவலாகத்தான் சொல்கிறேன். "உங்க மாமாவுக்கும் பழகிடுச்சு. அப்புறம் குக்கர் விசில் கேக்கல. அப்புறம் கோயில் மணி கேக்கல. கடைசி இருபது வருஷம் பக்கத்துல நின்னு கத்தினாத்தான் கேட்டுச்சு. நாளைக்கு அந்த பிளக்கை மாட்டிக்கிட்டு வேலை செய். தலை வலிச்சா வலிக்கட்டும்."

லில்லி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையை அப்படியே தண்ணீரில் வைத்துக்கொண்டு திரும்பினாள். "இன்னா அண்ணி சொல்ற? அண்ணனுக்குக் காது கேக்காதா?"

"கேக்காது."

"நீ ஏன் சொல்லல?"

"சொல்ல வேணாம்னு உங்க அண்ணன் கேட்டுக்கிட்டாரு."

ஷீபாதான் இயர்பட்ஸைக் கழற்றி டப்பாவில் வைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "அப்போ மாமா உங்கிட்ட கொற சொல்லலம்மா. வூட்ல அத்த கொரல் மட்டுந்தான் கேக்குதுன்னு... மாமாவுக்கு அந்தக் கொரல் ஒண்ணுதான் கேட்டுச்சு."

லில்லி முந்தானையில் கையைத் துடைக்கவே இல்லை. மீன் வாடையோடு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "நாலு பேருகிட்ட சொல்லிட்டனே அண்ணி" என்றாள். போகட்டும் என்றேன். அவள் அழுவதை நான் முதல்முறையாகப் பார்த்தேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். சாப்பிட்டேன். குழம்பில் புளி தூக்கல். சொல்லவில்லை.

அந்த ஒரு வாக்கியத்தை அன்று முழுதும், திரும்பி வருகிற பஸ்ஸிலும், வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். நீங்கள் எந்த முகத்தோடு அதைத் தங்கையிடம் சொன்னீர்கள்? குறையாகவா, அதையாவது கேட்க முடிகிறதே என்றா? உலகத்தில் மிச்சம் இருந்த ஒரே சத்தமாக நான் இருந்திருக்கிறேன். அது தெரிந்திருந்தால் மோட்டாரையும் மாத்திரையையும் தவிர வேறு எதையாவது உரக்கப் பேசியிருப்பேனே.

அந்தக் குரல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இறக்கி வைக்கத் தெரியவில்லை. பூசையில் பக்கத்து வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். நேற்றுக் காலைகூடக் "காபி ஆறிப்போகுது" என்று கூடத்தைப் பார்த்துச் சொன்னேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. இந்த ரப்பர் மூடியை ஜெபமாலையோடு சேர்த்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளப் போகிறேன்.

இனி நான் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. அன்று மாமல்லபுரத்தில் மணலில் உட்கார்ந்து நான் சொன்னது உங்களுக்குக் கேட்டதா, இல்லையா? தலையாட்டுவது செல்லாது. "சரி" என்பதும் செல்லாது. பதிலை எழுத்தில் அனுப்புங்கள். பிழை இருந்தால் திருத்த மாட்டேன்.