வியாபாரம் இல்லாத மாதத்துக்கும் ஒரு கணக்கு

இன்று காலை கைப்பேசியில் ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கான ஓடிபி வந்தது. முன்பெல்லாம் அது வந்த கையோடு உன் அழைப்பும் வரும். "நம்பர் சொல்லு" என்பாய், வேறு பேச்சு இருக்காது. இன்று நானே பார்த்து நானே தட்டினேன். முடித்த பிறகும், நீ அழைப்பாயோ என்று கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன்.

நாம் பழகியது ரயிலில். நான் அத்திப்பட்டில் ஏறுவேன், நீ பொன்னேரியில். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு ஆலைகளுக்குக் கையுறை தைத்துக் கொடுக்கும் சின்னப் பட்டறை என்னுடையது. அந்த ஊர் ஸ்டேஷனுக்கு எதிரே மாடியில் உன் வரி ஆலோசனை அறை. பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துப் பெண் நீ. பர்தாவுக்கு மேலே லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு ஏறுவாய். முகம் பார்த்துச் சிரிப்போம், அவ்வளவுதான்.

என் கணவர் இறந்த பிறகு நான் பட்டறைப் பக்கமே போகவில்லை. மெஷின்கள் துணி போர்த்திக் கிடந்தன. விற்பனையே இல்லாதபோது எதைக் கணக்கு காட்டுவது என்று ரிட்டர்னையும் விட்டுவிட்டேன். மறுபடி எழுந்து, தைத்த மூட்டையோடு ஆலைக்குப் போனபோது ஸ்டோர்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"உங்க ஜிஎஸ்டி நம்பர் கேன்சல் ஆயிருக்கும்மா. உங்க பில்லை வெச்சு எங்களால வரி கழிச்சிக்க முடியாது. சரி பண்ணிகினு வாங்க."

மூட்டையோடு திரும்பி ரயிலில் உட்கார்ந்திருந்தேன். எதிரே நீ இருந்தாய். அன்றுதான் முதல்முறையாகக் கேட்டாய்: "இன்னாம்மா ஆச்சு?"

சொன்னேன். நீ ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"வியாபாரம் இல்லேன்னா, இல்லேன்னு ரிட்டர்ன் போடணும். பேசாம இருந்தா கடைய மூடிட்டேன்னு அவங்களே முடிவு பண்ணிடுவாங்க. நாளைக்கு பில்லு, பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் எடுத்துகினு வா. பேஜாரு ஒண்ணும் இல்ல."

விட்டுப்போன மாதங்களை ஒவ்வொன்றாகப் போட்டாய். தாமதக் கட்டணத்தைக் கட்டவைத்தாய். எண்ணை மீட்க மனுவும் கொடுத்தாய். ஏன் இத்தனை மாதம் போடவில்லை என்று ஜிஎஸ்டி அலுவலகத்தில் கேட்டபோது நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். "ஊட்டுக்காரரு தவறிட்டாரு சார்" என்று நீதான் சொன்னாய். அதுவரை அந்த வார்த்தையை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எண் திரும்பக் கிடைத்தது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நான் அழுது முடிக்கும்வரை என் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

அதன் பிறகு தினமும் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். "பட்டறைக்குத் தனி அக்கவுண்ட் வெச்சிக்கோ, ஊட்டுச் செலவ அதுல கலக்காத" என்பாய். ஒருமுறை பில்லில் வாங்கிய வரிப் பணத்தில் நான் மளிகை வாங்கியது தெரிந்துவிட்டது. "அது உன் டப்பு இல்ல. கவர்மெண்டு டப்பு. உன் கையில கொஞ்ச நாள் தங்கிப் போவுது, அவ்ளோதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய். கவரைப்பேட்டை தாண்டியதும் நீயே டப்பாவைத் திறந்து பாதி இடியாப்பத்தை என் பக்கம் தள்ளினாய்.

போன மழைக்காலத்தில் நீ இளைக்கத் தொடங்கினாய். ஒருநாள் உன் நாற்காலியில் என்னை உட்காரவைத்து, "இந்த மாசம் நீயே போடு" என்றாய்.

எனக்குக் கோபம் வந்தது. "எனக்கு எதுக்கு இதெல்லாம்? நீதான் இருக்கியே?"

"பட்டறை யார் பேர்ல இருக்குது? நீதானே ஓனரு. தட்டு."

நான் தப்பாக அழுத்தியபோதும் கை நீட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகப்போவதை அப்போதும் சொல்லவில்லை. உன் தம்பி என்னை அழைத்தபோது அடக்கம் முடிந்துவிட்டிருந்தது.

போன வாரம், தொழிற்பேட்டை வாசலில் இட்லி, பூரி என்று நாஷ்டா விற்கும் பெண் பட்டறைக்கு வந்தாள். ஒரு கம்பெனிக்குச் சாப்பாடு கொடுக்கிறாளாம். "பில்லுல நூத்துக்கு இருவது ரூவா புடிச்சிகினு குடுக்குறாங்கக்கா, ஏமாத்துறாங்களா?" என்றாள்.

"அது டிடிஎஸ், வருமான வரிக்குன்னு முன்னாடியே புடிக்கிறது. பான் நம்பர் குடுத்தியா?"

"இல்லக்கா."

"அதான் அதிகமா புடிக்கிறாங்க. மொதல்ல அத்த குடு, இதுவரைக்கும் புடிச்சதையும் அந்த நம்பர்ல காட்டச் சொல்லு. புடிச்சது போச்சுன்னு நெனைக்காத. வருஷம் முடிஞ்சதும் இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன் போடு, வரி கட்டுற அளவுக்கு வருமானம் இல்லேன்னா திரும்பி வரும்."

தலையாட்டிவிட்டுப் போனாள். போன பிறகு எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வரித்துறையின் இணையதளத்தில் தேடிப் படித்தேன். சொன்னது சரிதான். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு கணம் எழுந்தே விட்டேன். பட்டறையில் வேறு யாரும் இல்லை.

"சரியாத்தான் சொல்லியிருக்கேன்" என்று மெஷினைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மறுபடி தைக்க உட்கார்ந்தேன்.