கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணியவள்

அண்ணி,

நேற்று பீரோவை ஒழித்தபோது உங்கள் சத்தியப் பத்திரத்தின் படி ஒன்று கையில் கிடைத்தது. கையெழுத்துக்குப் பக்கத்தில் உங்கள் கட்டைவிரல் மஞ்சள் அப்படியே இருக்கிறது, கொஞ்சம் பழுப்பாகி. முகர்ந்து பார்த்தேன். காகித வாசனைதான் வந்தது.

பீஜிப் பாராளுமன்றத்துக்குள் துப்பாக்கிக்காரர்கள் ஆட்களைப் பிடித்து வைத்திருந்த அந்த நாட்களில் நம் வுனிமோனோவிலிருந்து சுவாவுக்கு பஸ் ஓடவில்லை. மூன்று நாள் உங்களால் தையல் கம்பெனிக்குப் போக முடியவில்லை. நாலாம் நாள் போனால், வேலையை விட்டு ஓடிவிட்டதாக எழுதி வெளியே நிறுத்திவிட்டார்கள். தொழிலாளர் நீதிமன்றமும் அதையே சொன்னது. பஸ் ஓடாததைப் பற்றி நீங்கள் சொன்ன ஒரு வார்த்தைகூடத் தீர்ப்பில் இல்லை. சிட்னியில் உங்கள் மகன் எல்லா ஏற்பாடும் செய்து வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நீங்கள் அசையவில்லை.

“போறேன். ஆனா ஓடிட்டாள்னு எழுதின கடுதாசிய இங்க வுட்டுட்டுப் போவ மாட்டேன்.”

அந்தத் தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் கேட்க மூன்று மாதம் அவகாசம். நாள் எண்ணும் வேலை என்னுடையது. பள்ளிக்கூடம் போகாமல் காலண்டரைப் பார்த்தே எழுத்தும் எண்ணும் படித்தவள் நான். உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து வீட்டில் வரவு செலவு, விரதம், மாடு சினைபிடித்த தேதி எல்லாம் நான்தான் குறிப்பேன். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. தீர்ப்பு பழைய விலாசத்துக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு, மூன்று வாரம் கழித்துத்தான் நம் வீட்டுக்கு வந்தது. வந்த தேதியை உறைமேல் எழுதி, அதிலிருந்து எண்ணினேன். சாவுச் செய்தி தாமதமாக வந்தால் கேட்ட நாளிலிருந்துதானே தீட்டு எண்ணுகிறோம், இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. “தீமிதி முடியட்டும் அண்ணி, நாள் கெடக்கு” என்று உங்களுக்குச் சொன்னதும் நான்தான்.

நீங்கள் காப்புக் கட்டிக் கோயிலுக்குள் போன இரண்டாம் நாள், சுவாவின் சமபுலாப் பக்கத்து வக்கீல் ஆபீஸில் இருந்த பெண் என் உறையையும் உள்ளே இருந்த தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஆன்ட்டி, தீர்ப்பு சொன்ன நாளிலிருந்து எண்ண வேண்டும். நாளைக்குத்தான் கடைசி” என்று இந்தியில் சொன்னாள்.

காப்புக் கட்டியவர் தீ மிதிக்கும்வரை கோயில் எல்லையைத் தாண்டக் கூடாது. பத்திரத்திலோ நீங்கள் அதிகாரமுள்ள ஒருவர் முன்னால் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். கோயில் வாசலில் நின்று நான் அழுதேன்.

“இன்னா கண்ணு இதுக்குப் போயி. நான் வர முடியாதுன்னா அவரு வரட்டுமே. அவருக்கா காப்புக் கட்டியிருக்குது?”

வந்தார். பள்ளிக்கூடத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பீஜிக்காரப் பெரியவர். செருப்பை வாசலில் விட்டு, தன் சூலு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். பையில் கீதையும் பைபிளும் இருக்கிறது, எதன்மேல் சத்தியம் செய்கிறீர்கள் என்று கேட்டார். நீங்கள் மஞ்சள் கயிறு கட்டிய கையை நீட்டினீர்கள்.

“பொய்யின்னா பத்தாம் நாளு தீயில என் காலு சொல்லும்னு அவருகிட்டச் சொல்லு.”

நான் இந்தியில் சொன்னேன். “எங்கள் கோர்ட்டில் அந்த வசதி இல்லையே அம்மா” என்று சிரித்துவிட்டு, கீதையை எடுத்து உங்கள் கையில் வைத்தார். நீங்கள் கையெழுத்துப் போட்ட மூன்று படியிலும் மஞ்சள் ஒட்டியது. முந்தானையால் துடைக்கப் போன என்னை, “எழுத்து அழிஞ்சிடப் போவுது, வுடு” என்று அதட்டினீர்கள். மறுநாள் கோர்ட்டு ஜன்னலில் இருந்தவர் தாளை ஓரத்தில் பிடித்துத் தூக்கி, “சாப்பிட்டுக்கொண்டே எழுதினீர்களா?” என்று கேட்டார். கேட்டாலும் முத்திரை குத்தினார்.

நீங்கள் சொன்னதைக் கணக்கில் எடுக்காமலே தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள் என்று பெரிய கோர்ட்டு அதைத் திருப்பி அனுப்பியது. இரண்டாம் விசாரணையில் ‘ஓடிவிட்டாள்’ போய்விட்டது. கம்பெனி திரும்பக் கூப்பிட்டது. ஒரே ஒரு நாள் போய்த் தைத்துவிட்டு, சாயங்காலம் நீங்களே விலகல் எழுதிக் கொடுத்து வந்தீர்கள். “இப்பப் போறேன் கண்ணு. இது நானா போறது.” என் தப்பைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகு போனிலும் பேசவில்லை. ஒரு தடவை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

போன வருடம் உங்கள் மகன் நம் பழைய நம்பருக்கே கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான். நீங்கள் தவறிப்போன செய்தி ஒன்பதாம் நாள்தான் கோயிலில் ஒருவர் மூலம் வந்தது. அதுவரை எட்டு நாளும் உங்கள் தம்பியிடம், “உங்க அக்காவுக்கு நம்ம நெனப்பே இல்ல, ஒரு போன் உண்டா” என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். யாரோ சிட்னிக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, உங்களுக்காக மசாலா வறுத்து அரைத்துக் கட்டியும் வைத்தேன்.

தீட்டைக் கேட்ட நாளிலிருந்து எண்ணுங்கள் என்றார் பூசாரி. தலை முழுகியதும் விளக்கு வைத்ததும் அப்படித்தான். ஆனால் காலண்டரில் நான் வட்டம் போட்டது நீங்கள் போன நாளுக்கு. உங்களைக் குறை சொல்லிக்கொண்டே மசாலா அரைத்த அந்த எட்டு நாளையும் சேர்த்துத்தான் எண்ணிக்கொண்டு வருகிறேன், அண்ணி. பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை.