அம்மா வீடு திரும்பும் கதை

புனே,
செப்டம்பர் 2004

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே தமிழ்ச் சங்கத் தீபாவளி மலருக்கு முதல்முறையாக என்னிடம் கதை கேட்டார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாட்களை, நீ சொல்லக் கேட்டபடி எழுதிக் கொடுத்தேன்.

மலரைத் தொகுக்கும் விஸ்வேஸ்வரன் சார் படித்துவிட்டு, "பண்டிகை மலர்ல சாவு வேண்டாம்மா. எல்லாரும் சக்லி, முறுக்குன்னு கடிச்சிண்டே படிப்பா. அந்த அம்மாவைப் பிழைக்க வெச்சுடேன்" என்றார். அது நம் அம்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முடிவை மாற்றினேன். நீ அம்மாவை ஆட்டோவில் கூட்டி வருகிறாய். அம்மா வாசலில் இறங்குகிறாள். அதற்குமேல் எழுத வரவில்லை. நான் ரயிலில் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கூடவே இருந்தவள் நீதான்.

வீட்டுக்குப் போனதும் முதலில் என்ன செய்யவேண்டும் என்று அம்மா உன்னிடம் ஏதாவது சொன்னாளா? எழுது அக்கா. கதையில் அதைச் செய்யட்டும்.

உன் தங்கை