முதல் ஜாடியைத் திறக்காதீர்கள்

அன்புள்ள அம்மா,

வார்சாவில் குளிர் வந்துவிட்டதா? உங்கள் இருமல் குறைந்ததா? இங்கே நாங்கள் நலம்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் காளான் பறிக்கக் காட்டுக்குப் போனோம். மஞ்சள் இலைகள் தலையில் கொட்டக் கொட்டத் தாத்தா சிறுபிள்ளைபோலச் சிரித்தார்.

"அப்பா, உங்க கண்ணு மங்கிப்போச்சு. ஒரு தப்புக் காளான் வந்தாலும் கத்தியப் பிடுங்கிடுவேன்" என்றார் ஸ்டாஷெக் மாமா.

"மொதல்ல நீ ஒண்ணு கண்டுபிடிடா, காலிக் கூடைக்காரா!"

தாத்தா எப்போதும் தண்டை மண்ணுக்கு மேலேதான் அறுப்பார். நேற்றுப் பள்ளி விட்டு அங்கே போய், அவர் அறுத்த ஓர் அடித்தண்டைத் தோண்டினேன். மண்ணுக்குள் அதன் அடியைச் சுற்றி வெள்ளைப் பை இருந்தது; நல்ல காளானுக்கு அது இருக்காது. விஷக் காளான், அம்மா. நான் வீடு திரும்புவதற்குள் பறித்ததெல்லாம் ஊறுகாயாகிவிட்டது. வழக்கம்போல முதல் ஜாடி உங்களுக்கு. நாளைக் காலையில் தபாலில் போகிறது. மாமாவிடம் சொன்னால் தாத்தாவுக்கு இனிக் காடே கிடையாது. அதனால் எல்லோரும் தூங்கியபின் இதைப் பொட்டலத்தில் செருகுகிறேன். ஜாடிக்கு முன் இதுதான் உங்கள் கையில் படும்.

அதைத் திறக்காமலே புதைத்துவிடுங்கள்; இங்கே இருக்கும் மற்ற ஜாடிகளை யாரும் தொடுவதற்கு முன் நான் புதைத்துவிடுவேன். ருசியாக இருந்தது என்று எழுதாதீர்கள், இன்னொன்று அனுப்புவார். எனக்குக் கம்பளிக் காலுறையும் தாத்தாவுக்கு நல்ல கண்ணாடியும் வாங்கிக்கொண்டு சீக்கிரம் வாருங்கள். அதுவரை அவர் கூடையை நான்தான் தூக்குவேன்.

மாமா எழுந்துவிட்டார்.

யாகோதா